எங்கள் வீட்டுப் பேதுரு

ஒஸ்லோவில் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் வீட்டு மணியை அடிப்பதில்லை. வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு குறுஞ்செய்தி வரும், வாசலுக்கு வந்த பிறகு இன்னொன்று வரும். இருபத்தாறு வருடமாக அங்கே குளிரில் விறைத்தாலும் இந்த ஒரு பழக்கத்துக்காக அந்த நாட்டை மனமார வாழ்த்தியிருக்கிறேன். போன மாரியில் ஒரு பிற்பகல், எந்த அறிவிப்பும் இல்லாமல் மணி அடித்தது. லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டி நின்றேன். மணி மறுபடி அடித்தது. என் வாய் என்னைக் கேட்காமலே நோர்வீஜிய மொழியில் கதவைப் பார்த்துச் சொன்னது: “இங்கே ஒருவரும் இல்லை.” வெளியே நின்றது மேல்வீட்டு அஸ்ட்ரிட். எனக்கு வந்த பார்சலைத் தர வந்திருக்கிறாள். “அப்படியானால் கதைப்பது யார்?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். தமிழருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று பிறகு கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாளாம். பார்சலை வாங்கிக் கதவைப் பூட்டிய பிறகு, சப்பாத்துப் பெட்டியின் மேல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்குள்ள மருத்துவர் நல்ல பிள்ளை, என் மகன் வயது. நெஞ்சுப் படபடப்புக்கு ஒன்று, நித்திரைக்கு ஒன்று, காரணமில்லாத அழுகைக்கு ஒன்று என்று மூன்று குளிசை எழுதித் தந்திருக்கிறார். சின்ன வயதில் வீட்டில் யாருக்காவது ஏதாவது நடந்ததா என்று ஒருநாள் கேட்டார். இல்லை, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்றேன். அது சத்தியம். அவருக்கும் நிம்மதி, ‘ஒன்றுமில்லை’ என்று கணினியில் தட்டிக்கொண்டார். அந்த ஒன்றுமில்லாததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என்னைப்போல இரண்டு பக்கத்துக்கும் பிறந்து ஒரு பக்கமும் நிற்க முடியாமல் எங்கெங்கோ போய்க் குடியேறியவர்கள் வாசித்தால் போதும். மற்றவர்கள் இதை நம்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதோ விட்டுப்போயிற்று.

இப்போது வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறேன். நான்காம் மாடி, என் கணவரின் குடும்பத்து ஃபிளாட். அப்பா இறந்து பொரளைக் கனத்தையில் அடக்கம் செய்த பிறகு அம்மாவைக் கொட்டாஞ்சேனையிலிருந்து இங்கே கொண்டுவந்து வைத்தோம். அம்மாவுக்கு மறதி நோய். அம்மா கொலன்னாவைச் சிங்களத்தி, எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தமிழனைக் காதலித்து, ஞானஸ்நானம் பெற்று, நாற்பது வருடம் தமிழில் சமைத்து, தமிழில் செபம் சொல்லி, தமிழில் சண்டை பிடித்தவள். நோய் வந்ததும் முதலில் போனது தமிழ்தான். கடைசியாய் வந்தது முதலில் போகும் என்றார் டொக்டர். வெள்ளவத்தையில் சுற்றவரத் தமிழர், நடுவில் தமிழ் முழுவதையும் மறந்துபோன என் அம்மா. இதைவிடப் பொருத்தமாக ஒரு மனுசியைத் தனியே விட எங்களால் முடிந்திருக்காது.

நான்கு கிழமை லீவு. இதில் மூன்று முடிந்துவிட்டது. அம்மா என்னை ‘நோனா’ என்கிறாள். வங்கியில் கண்ட யாரோ உத்தியோகத்தரிடம் கதைப்பதுபோல மரியாதையாகக் கதைக்கிறாள். சின்ன வயதில் அவள் என்னைக் கூப்பிடுவது ‘சுது துவ’ என்று. வெள்ளை மகள் என்று அர்த்தம். திரும்பிப் போவதற்குள் ஒரேயொரு தரம் அவள் என்னை அப்படிக் கூப்பிட வேண்டும். இந்த வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது.

அந்த வெள்ளைதான் எல்லாவற்றுக்கும் காரணம். நான் அம்மாவின் நிறம், அம்மாவின் மூக்கு. தம்பி அப்படியே அப்பா. கொலன்னாவைக்குப் போனால் மாமாவின் பிள்ளைகள் என்னைத் ‘தெமள’ என்பார்கள், தமிழ் என்று. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினால் ஒழுங்கையில் ‘சிங்களத்தியின்ர மகள்’ என்பார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் இனத்துக்கு ஒரு கட்டம், தாயின் இனத்துக்கு ஒரு கட்டம். எனக்கென்று கட்டம் இல்லை. பிள்ளைக்கு எதற்கு, தகப்பனுடையது போதாதா என்று நினைத்திருப்பார்கள். வீட்டில் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார்: வீட்டுக்குள்ளே தமிழ், பஸ்ஸில் சிங்களம். பஸ் ஏறியதும் ‘அப்பா’ என்பதை விழுங்கிவிட்டு, சிங்களத்தில் தகப்பனுக்குச் சொல்வதுபோலத் ‘தாத்தா’ என்று கூப்பிடுவோம். ‘அம்மா’ மட்டும் இரண்டு பக்கமும் அம்மா. மாற்ற வேண்டி வந்ததில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எனக்கு எட்டு வயது. அப்பா வேலைத்தலத்திலிருந்து மதியத்துக்கு முன்பே ஓடிவந்துவிட்டார். அம்மா சுவரில் இருந்த தமிழ்க் கலண்டரைக் கழற்றி அடுப்பில் வைத்தாள். கலியாணத்துக்குப் பிறகு அலுமாரியில் துவாய்க்குள் சுற்றி வைத்திருந்த புத்தர் படத்தை எடுத்து முன்சுவரில் மாட்டினாள். கண்டிச் சேலையை உடுத்தாள். அப்பாவையும் தம்பியையும் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிற்கவைத்துத் திரையை இழுத்துவிட்டாள். முன்கதவிலிருந்து அந்தத் திரை பத்தடி தூரம்கூட இல்லை. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவர்களை மறைப்பதற்கு அவளிடம் இருந்தது நான்தான். தாத்தா எங்கே என்று கேட்டால் வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்ல வேண்டும் என்று மூன்று தரம் சொல்லித் தந்திருந்தாள்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். “மெஹே தெமள கவுருத் நே மஹத்தயோ” என்றாள் அம்மா. இங்கே தமிழர் யாரும் இல்லை ஐயா. குரல் ஆடவில்லை. என் கையை மட்டும் நசுக்கிக்கொண்டிருந்தாள். “மகே துவய் மமய் விதரய்.” என் மகளும் நானும் மட்டும்தான். ஒருவன் குனிந்து என்னைக் கேட்டான்: “தாத்தா கோ?” அப்பா எங்கே? சொல்லித் தந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அது போதாது என்று அந்த எட்டு வயது மூளைக்குப் பட்டது. வேலைக்குப் போனவர் திரும்பி வருவார்தானே? “மட்ட தாத்தா கெனெக் நே” என்றேன். எனக்குத் தகப்பன் என்று ஒருவர் இல்லை. உரத்துச் சொன்னேன், சுத்தமான சிங்களத்தில். அவன் முகம் இரக்கத்தில் இளகிற்று. மண்ணெண்ணெய் மணத்த கையால் என் தலையைத் தடவினான். “ஹரி அம்மே, அபி யனவா” என்றான். சரி அம்மா, நாங்கள் போகிறோம். போய்விட்டார்கள். ஒழுங்கையின் அந்தத் தலைப்பில் மூன்று வீடுகள் எரிந்தன, எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து அப்பா வந்தபோது சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. “தப்பிட்டம் மகள்” என்றார். அவ்வளவுதான். ஆனால் சில மாதங்களுக்குப் பிறகு பகிடி தொடங்கிற்று. சேவல் கூவுமுன் மூன்று முறை தன் ஆண்டவரைத் தெரியாது என்ற பேதுருவின் கதை எங்கள் வேதத்தில் உண்டு. காலையில் பாணைக் கிழித்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே அப்பா கேட்பார்: “என்ன பேதுரு, சேவல் கூவிட்டுதா?” தம்பி கொக்கரிப்பான். அம்மாவும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அப்பா அதை அன்பாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கத்தோலிக்க வீட்டில் அதைவிடச் செல்லமான பட்டப்பெயர் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு காலையும் அந்தப் பகிடி எனக்குச் சொன்னது. சாகும்வரை என்னைப் பேதுரு என்றுதான் கூப்பிட்டார். நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. பகிடிக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்?

அப்பாவை மறுதலித்தேன் என்றால் உயிர்ப்பயம் என்று சொல்லலாம். அம்மாவை மறுதலித்ததற்கு அந்தச் சாட்டும் இல்லை. என் கணவர் யாழ்ப்பாணம், சைவம். வேதக்காரி என்பதையே அவருடைய வீட்டார் கஷ்டப்பட்டுத்தான் விழுங்கினார்கள். தாய் சிங்களம் என்பதை நானும் அவரும் மறைத்தோம். வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கலியாணம். முதல்நாள் அம்மாவிடம் சொன்னேன்: “அம்மா, அங்க கனக்கக் கதைக்காதேங்கோ. தொண்டை கட்டிப்போச்சு எண்டு சொல்லிவிடுறன்.” அம்மாவின் தமிழில் கொலன்னாவை மணக்கும், வாயைத் திறந்தால் பிடிபட்டுவிடும். அம்மா “ஓம், மகள்” என்றாள். மண்டபத்தில் கைக்குட்டையைத் தொண்டையில் வைத்தபடி மூன்றாவது வரிசையில் இருந்தாள். என் மாமியார் பாவம், நல்ல மனுசி. சம்பந்திக்குத் தொண்டை சரியில்லை என்று கொத்தமல்லி அவித்து மூன்று தரம் கொண்டுவந்து கொடுத்தார். தொண்டையில் ஒரு வருத்தமும் இல்லாத அம்மா மூன்று தரமும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கைகூப்பினாள். என் கலியாண வீடியோவில் அது இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.

ஒஸ்லோவில் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒளிவிழா என்று எல்லாவற்றிலும் முன்வரிசையில் நிற்பேன். சிங்களம் தெரியுமா என்று கேட்டால் கொழும்பில் பிறந்தது, கொஞ்சம் என்பேன். அந்தக் கொஞ்சம் கனவில் முழுதாக வரும். கண்ணாடியைப் பார்க்கும் நாட்களில் அம்மாவின் மூக்கு, மற்ற நாட்களில் மூன்று குளிசை. யாரும் என்னை அடிக்கவில்லை, துரத்தவில்லை. அதனால் எங்கே போய் முறையிடுவது என்றும் தெரியவில்லை.

இன்று பின்னேரம் நாலு மணிக்குச் சந்தையிலிருந்து திரும்பினேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கமலா, ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, நான்காம் மாடிப் படியில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

“குப்ப போட எறங்கினேன் அக்கா. அதுக்குள்ள அம்மா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. பெல் அடிச்சா பயந்து கத்துறாங்க.”

சாவி என் கையில் இருந்தது. உள்தாழ்ப்பாளுக்குச் சாவி என்ன செய்யும்? கதவைத் தட்டினேன். “அம்மா, நான்தான். றெஜினா வந்திருக்கிறன். கதவைத் திறங்கோ.”

தமிழில் சொன்னது என் மடைத்தனம். உள்ளே கதிரை இழுபடும் சத்தம். பிறகு கதவுக்கு மிக அருகில், நோயாளிக் குரல் அல்ல, அந்தக் குரல், ஆடாத குரல், “மெஹே தெமள கவுருத் நே மஹத்தயோ” என்றது.

நான் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். “மகே துவய் மமய் விதரய்” என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, கதவுக்கு அல்ல, தன் இடுப்பளவு உயரத்தில் நின்ற யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: “பய வென்ன எப்பா, சுது துவ.”

பயப்படாதே, வெள்ளை மகள். மூன்று கிழமையாக நான் கேட்கக் காத்திருந்த பெயர். அது எனக்கு இல்லை. அது உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு. இன்னும் வாயைத் திறக்காத, இன்னும் ஒருவரையும் மறுதலிக்காத பிள்ளைக்கு.

கமலா என் தோளைத் தொட்டாள். “நீங்க சிங்களத்துல பேசுங்க அக்கா. மக வந்திருக்கேன்னு சொல்லுங்க.”

மகள்தான் உள்ளே இருக்கிறாளே. இன்னொருத்தி வந்திருக்கிறேன் என்றால் அம்மா நம்புவாளா? கதவுக்குப் பின்னால் அவளுக்கு வேகமாக மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அன்றைக்கு அவள் என்ன கேட்க ஆசைப்பட்டாளோ, அதைச் சொல்ல இந்தக் கட்டடத்திலேயே ஆள் நான் ஒருத்திதான். “ஹரி அம்மே” என்றேன், சுத்தமான சிங்களத்தில். “அபி யனவா.”

மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு, கேட்கும்படியாகக் காலை அடித்து அடித்துப் படியில் இறங்கினேன். அரை மாடி இறங்கி, திருப்பத்தில் உட்கார்ந்தேன். கமலா ஒன்றும் விளங்காமல் பின்னாலேயே வந்தாள்.

“பத்து நிமிசத்துல மறந்துருவாங்க அக்கா. அப்புறம் போய் தட்டலாம்.”

“வேண்டாம் பிள்ளை” என்றேன். “இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும். உள்ளுக்க அவை ரெண்டு பேருக்கும் இப்பதான் பயம் தெளிஞ்சிருக்கு.”