செல்லக்கிளியின் குலவை

செல்லக்கிளி குலவை போட்டால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிம்மக்கல்லில் நிற்பவர்கள்கூட, கோரிப்பாளையத்தில் யார் வீட்டு விசேஷம் என்று கேட்பார்களாம். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான்; ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. மற்றப் பெண்களுக்குப் பாதிக் குலவையிலேயே மூச்சு முட்டி, இருமலில் போய் முடியும். இவளுக்கோ நாக்கு புரள ஆரம்பித்தால், தாலி ஏறி, அட்சதை விழுந்து, மாப்பிள்ளை வேர்வையைத் துடைத்துக்கொள்ளும் வரை ஓயாது. காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி, எதுவானாலும் முதலில் ஆள் வருவது அவள் வாசலுக்குத்தான். ராவுத்தர் வீட்டு நிக்காஹ்களுக்கும் கூப்பிட்டார்கள். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது. இல்லை என்று பொய் சொல்வானேன்?

புருஷன் மருது வண்டிக்காரன். ஒரு மாசி மாதம் வாந்திபேதி வந்து, காலையில் மாடு பூட்டியவன் மறுநாள் காலையில் இல்லை. செல்லக்கிளிக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. வளையலை உடைத்த பெண்களில் ஒருத்தி போகிற போக்கில், "இனிமே நாக்க அடக்கிக்க தாயி. நீ கொலவ போட்டா, போட்ட வீடு வெளங்காது," என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் செல்லக்கிளி பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பாள். அந்தப் பெண் நல்லதென்று நினைத்துச் சொன்னாள். இவளும் அப்படியே நம்பிவிட்டாள். அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் செல்லக்கிளி அடுப்படியோடு சரி. அவளுடைய ஓரகத்தி தங்கப்பொண்ணுதான் முன்னால் போய் நின்றாள். தங்கப்பொண்ணுவின் குலவை எண்ணெய் காணாத கதவு போலக் கிறீச்சிடும். ஆனால் அவள் கழுத்தில் தாலி இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மருது போன பிறகு செல்லக்கிளிக்குச் சோறு போட்டது வைகை மணல். பக்கத்து வீட்டு முகம்மது கனி கோடை வந்தால் நடு ஆற்று மணல்மேட்டில் வெள்ளரி போடுகிறவர். பறிக்கிற காயில் முதல் கூடை அவளுக்குத்தான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கு மாசி வீதி வரைக்கும் விற்றுவிட்டு வருவாள். கனி அவளுக்கு அண்ணன். அவர் மனைவி ஹாஜரா மதினி. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் இருந்தது. குழம்பும் கோபமும் அதன் மேலேயே கைமாறும்.

வைகை அணை அப்போது கட்டப்படவில்லை. மேற்கே வருஷநாட்டு மலையில் மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போதே ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, சித்திரைத் திருவிழா நெருங்கிய ஒரு மத்தியானம் அப்படித்தான் வந்தது. சருகும் நுரையுமாய்க் கணுக்கால் அளவு தண்ணீர். கோடையில் புதுத்தண்ணீர் என்றால் மதுரைக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. தெருவே ஆற்றுக்கு ஓடியது. மஞ்சளும் பூவும் விட்டார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், தங்கப்பொண்ணு குலவை போட்டாள். இதற்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் வருகிறதோ என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அழகர் இறங்கப்போகிற ஆற்றில் வந்த தண்ணீரை யார் சந்தேகப்படுவார்கள்? கனிகூடக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "திருவிழாவுக்குக் காய் வேணும்ல. ஒரு எட்டு போயிட்டு வாரேன்," என்று மணல்மேட்டுக்கு நடந்தார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலேயே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆகும் முன்பே இருட்டிவிட்டது. எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியவில்லை. காற்றில் ஒரு லாந்தரும் நிற்கவில்லை. கணுக்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறி, அப்புறம் நெஞ்சுக்கும் ஏறியது. கரையோரக் குடிசைகளிலிருந்து பெட்டி, பானை, கோழிக்கூடை என்று எல்லாவற்றையும் மேடேற்றினார்கள். யார் வீட்டுச் சாமானை யார் தூக்குகிறோம் என்று யாரும் பார்க்கவில்லை. ஹாஜராவின் இரண்டு ஆடுகளையும் தங்கப்பொண்ணுதான் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தாள். எல்லாம் வந்து சேர்ந்தன, கனியைத் தவிர.

ஆற்றுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?"

கரை நெடுக நின்றவர்கள் ஆளாளுக்கு, "இங்கிட்டு, இங்கிட்டு," என்று கத்தினார்கள். தென்கரையிலிருந்தும் கத்தினார்கள். கனியின் குரல் ஒரு தரம் கிழக்கே கேட்டது. அடுத்த தரம் மேற்கே கேட்டது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிய சலவைத் தொழிலாளி விருமாண்டி, ஆள் இருக்கிற திசை தெரியாமல் திரும்பி வந்தார்.

"அந்த மனுசன் சுத்திச் சுத்தி வாராரு," என்றார் மூச்சிரைக்க. "ஆளாளுக்குக் கூப்பிட்டா அவரு எங்கிட்டு வருவாரு? இந்தத் தொவைகல்லுக்கு நேராத்தான் காலு தரையில பாவும். மத்த எடமெல்லாம் மணலு அள்ளுன குழி. ஒரே எடத்துல நின்னு ஒரே கொரலு குடுக்கணும். மத்தவுக வாய மூடுங்க."

அந்த வார்த்தை கரை நெடுகப் போனது. ஒவ்வொருவராய் அடங்கினார்கள். இக்கரை அடங்கியதும் அக்கரையும் ஓய்ந்தது. மழை மட்டும் இரைந்தது. விருமாண்டி கூப்பிட்டுப் பார்த்தார். ஆண் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிப் போயிற்று. "கொலவ போடுங்கம்மா. கீச்சுச் சத்தந்தான் இதுல ஏறும்," என்றார். தங்கப்பொண்ணு துவைகல்லில் ஏறி நின்று, உண்மையாகவே உயிரைக் கொடுத்துப் போட்டாள். இரண்டு புரளலில் இருமல் வந்துவிட்டது. இன்னொருத்தி ஏறினாள். அவளுக்கு அழுகைதான் வந்தது.

ஹாஜரா இருட்டில் தடவிச் செல்லக்கிளியின் கையைப் பிடித்தாள். "நீ போடு."

செல்லக்கிளி கையை உதறினாள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இல்லை அது. அதைவிடப் பெரிய பயம். தன் வாயிலிருந்து குலவை வந்தால் அண்ணன் முங்கிவிடுவார் என்றே அவள் நம்பினாள். மருது கண்ணெதிரே போனதைப் பார்த்தவள். இந்த மதினியின் வளையலையும் தானே உடைத்ததாக ஆகிவிடும் என்று நடுங்கினாள்.

"நான் போடக் கூடாது மதினி. போட்ட எடம் வெளங்காதாம். ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அவுக சத்தம் இப்பக் கேக்கல. போடு."

உண்மைதான். ஆற்றுக்குள்ளிருந்து எந்தக் குரலும் வரவில்லை. செல்லக்கிளி துவைகல்லில் ஏறினாள். தண்ணீர் முழங்காலை இழுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முதல் மூச்சு உடைந்து போயிற்று. இத்தனை வருஷம் சும்மா கிடந்த நாக்கு புரள மறுத்தது. இரண்டாவது மூச்சில் குலவை எழுந்தது. மழையையும் வெள்ளத்தையும் கிழித்துக்கொண்டு அது போனபோது, கரையில் நின்ற ஆண்பிள்ளைகளுக்கே உடம்பு சிலிர்த்தது. அவளுக்கு அது எதுவும் தெரியாது. மூச்சு விட்டால் அண்ணன் போய்விடுவார் என்ற ஒரே நினைப்புதான்.

வெகுநேரம் கழித்து, "வாரேன்" என்று ஒரு சத்தம் கேட்டது. நேர் எதிரே கேட்டது. விருமாண்டி கயிற்றோடு பாய்ந்தார்; தெருவே கயிற்றைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச நேரத்தில் கனி துவைகல்லின் காலடியில் வந்து விழுந்து, ஆற்றுத் தண்ணீரை எல்லாம் கக்கினார்.

செல்லக்கிளி இன்னும் நிறுத்தவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. ஹாஜரா கல்லில் ஏறி அவள் கன்னத்தைத் தொட்டு, "போதும்டி, வந்துட்டாக, போதும்," என்று சொன்ன பிறகுதான் நின்றது. நின்றதும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். மருது செத்தபோதுகூட அப்படி அழுததில்லை.

"மொதல்ல நான் உசுரு போயி மவுத்தாயிட்டேன்னுதான் நெனச்சேன் தங்கச்சி," என்றார் கனி இருமலுக்கு நடுவே. "நீதான் கொலவயே போடுறதில்லையே. சரி, மவுத்தானாலும் நம்ம ஆளு கூப்புடுது, போவோம்னு வந்தேன்."

சிரித்தவர்களும் உண்டு. மழை கொஞ்சம் விட்டிருந்தது. உயிர் தப்பியதும் ஊருக்கு வாய் வந்துவிட்டது, தங்கப்பொண்ணுவுக்கும் வந்தது.

"எல்லாஞ் சரிதேன். ஆனாலும் புருசன் இல்லாதவ கொலவ போடுறது..." என்று அவள் இழுத்தாள்.

ஹாஜரா முந்தானையால் கனியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவளுக்குத்தான் புருசன் இல்ல. எனக்கு இருக்காக," என்றாள். சொல்லிவிட்டு, காய்ந்த துணி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டாள்.