இஸ்திரி அக்காவின் ஐந்து ஆட்டங்கள்

ஐம்பத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி வீடியோ கேம் ஆடுகிறாள் என்று கேட்டதும் உங்களுக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

அதே வயது ஆண், இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துவதை நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்து, நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். அவரை யாரும் கேலி செய்வதில்லை. அவருக்கு அது ரசனையாம். இவள் ஆடினால் பைத்தியமாம். காரணம் கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. காரணம் சொல்ல முடியாத சிரிப்புக்குப் பழக்கம் என்று பெயர் வைத்துவிட்டு, அதற்கு மரியாதையும் கேட்கிறோம்.

அவளுக்கு ஊரில் இஸ்திரி அக்கா என்று பெயர். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. உலர்த்தி வந்த படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் செலுத்துவாள். மறுபக்கம் அவை சுருக்கமில்லாமல் வரும். இருபத்தாறு வருடமாக இதே உருளை. மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்புகள் இரண்டு உண்டு. கட்டைவிரல்கள் மட்டும் இருபது வயதுக்காரிக்கு உரியவை.

போன மாதம் ஊழியர் மன்றத்திலிருந்து எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ‘விளையாட்டு அனுபவம்’ என்று ஒரு கட்டம். அக்கா பொய் எழுதுகிறவள் இல்லை. “நாற்பத்திரண்டு வருடமாக விளையாடுகிறேன். காய்ச்சல் வந்தாலும் விடுவதில்லை” என்று எழுதிக் கொடுத்தாள். என்ன விளையாட்டு என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

படிவத்தைப் படித்த மன்றத்து எழுத்தர் உருகிப்போயிருக்க வேண்டும். மறுவாரம் அறிவிப்புப் பலகையில் இப்படி ஒட்டியிருந்தது: ‘மூத்த விளையாட்டு வீராங்கனை, சலவைப் பிரிவு. விளையாட்டுக் குழுவின் முதல் பெண் உறுப்பினர்.’

சலவைக்கூடத்துப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அக்கா, நீங்க ஓடுவீங்களா, தாண்டுவீங்களா?”

“உட்காருவேன்.”

“போய் உண்மையச் சொல்லிட்டு வந்துடுங்க. அப்புறம் நூறு மீட்டர்ல நிக்க வச்சிடப் போறாங்க.”

“கேட்டா சொல்றேன். கேக்காதவங்ககிட்ட எதுக்கு?”

அவள் அந்தப் பதவியை விடாததற்குக் காரணம் ஒரு அறை. மன்றத்தில் ஒரு விளையாட்டு அறை இருக்கிறது: மின்விசிறி, டிவி, சோபா, டேபிள் டென்னிஸ் மேஜை. மேஜையில் ஓட்டுநர்கள் தூங்குவார்கள். மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். சலவைப் பெண்களின் வேலை இரண்டு மணிக்கே முடிந்துவிடும். நண்பகல் இடைவேளையில் அவர்கள் அழுக்குத்துணி வண்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நண்பகலில் அறையைத் திறக்கச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தார்கள். மூன்று முறையும் ஒரே பதில்: ‘விளையாட்டில் ஆர்வமுள்ள பெண்கள் எவரும் இல்லை.’ மேஜைமேல் குறட்டை விடுகிறவரின் ஆர்வத்தை யார் அளந்தார்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுத் தலைவர், கொதிகலன் பிரிவின் மேற்பார்வையாளர். பெயர் பாய்லர் அண்ணன். வேலையாலும் சுபாவத்தாலும் பொருந்திய பெயர். மருத்துவமனையின் செஸ் சாம்பியன். முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்.

“நீங்க என்ன விளையாட்டும்மா?”

“வீடியோ கேம் அண்ணா.”

எழுத்தரின் பேனா நின்றது. குழுவின் மற்ற இரண்டு உறுப்பினர்களும் சிரித்தார்கள்.

“அது விளையாட்டா?”

“கேம்னா தமிழ்ல என்ன அண்ணா?”

“விளையாட்டு.”

“அவ்வளவுதான்.”

“அதில்லம்மா. உடம்பு வேர்க்கணும். அதுக்குப் பேர்தான் விளையாட்டு.”

“செஸ்ஸுல உங்களுக்கு எங்க வேர்க்கும் அண்ணா?”

எழுத்தருக்கு இருமல் வந்தது. அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ‘உறுப்பினருக்குப் பத்தாண்டு விளையாட்டு அனுபவம் வேண்டும்’ என்றுதான் இருந்தது. எந்த விளையாட்டு என்று இல்லை.

பாய்லர் அண்ணன் விடவில்லை. “அடுத்த வாரம் அந்தப் பெட்டியக் கொண்டு வாங்க. என்கூட ஆடுங்க. தோத்தா நீங்களே விலகிக்கணும்.”

“ஜெயிச்சா?”

“நண்பகல்ல ரூம் சாவி உங்க கையில.”

இங்கே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உட்கார்ந்து சாப்பிட ஒரு நாற்காலி என்பது பந்தயப் பொருளா? உரிமையைப் பரிசு மாதிரி உயரத்தில் தொங்கவிட்டு ‘எட்டிப் பிடி’ என்பவரை என்ன சொல்வது? அக்காவிடம் இதைக் கேட்டால் அவள் சொல்லும் பதில் வேறு: “ஆடக் கூப்பிட்டா எப்படி வேணாம்னு சொல்றது?”

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய ஆலோசனை. மகள் கேட்டாள்: “அஞ்சுல எதைக் கொண்டு போறம்மா?”

அஞ்சு என்றால் அக்காவுக்கு உயிரான ஐந்து ஆட்டங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயர்கள் என்னவோ, வீட்டில் அவள் வைத்த பெயர்கள்தான் செல்லும்.

முதலாவது செங்கல் உடைப்பு. பந்தைத் தட்டிச் சுவரை உடைக்கும் ஆட்டம். அவளுக்குப் பதினொரு வயதில், தேர்வில் தப்பிப் பிழைத்த அண்ணனுக்குப் பரிசாக அது வந்தது. வகுப்பில் முதலாவதாக வந்த அவளுக்கு ஜியோமெட்ரி பெட்டி. அண்ணன் ஒரு பேரம் பேசினான்: அவனுடைய கணக்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் அவள் ஒரு பந்து ஆடலாம். அவள் அந்த வருடம் அவன் பாடப்புத்தகம் முழுவதையும் முடித்தாள்.

அடுத்தது போனில் ஓடும் பாம்பு. மகள் பிறந்த நாளன்று பிரசவ அறையில் நர்ஸ் வந்து “வலி எப்படி இருக்கு?” என்று கேட்க, “பாம்பு நீளமாயிடுச்சு சிஸ்டர், கொஞ்சம் இருங்க” என்றாளாம். மகள் இதை இன்னமும் மன்னிக்கவில்லை.

வேன் ஓட்டும் கணவர் கால் முறிந்து ஆறு மாதம் படுத்திருந்தபோது வீட்டுக்கு வந்தது தோட்டம். அவருக்காக வாங்கியது, இருவரும் சேர்ந்து உழுதார்கள். கால் கூடியது, தோட்டம் நிற்கவில்லை. இப்போதும் அவர் சலவைக்கூடத்துக்குப் போன் செய்து, “பூசணிக்குத் தண்ணி ஊத்திட்டேன், நீ நிம்மதியா வேலையப் பாரு” என்பார். கூட வேலை செய்கிறவர்கள் அக்காவுக்குப் பெரிய நிலம் இருப்பதாக நெடுநாள் நம்பியிருந்தார்கள்.

கோட்டையைப் பற்றி அவளிடம் பேச்சைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. கடைசி வாசலில் நிற்கும் காவல்காரனிடம் பத்தொன்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாவது, கயிறு. ஒரே கயிற்றில் கட்டிய இருவர் மலை ஏற வேண்டும். ஒருவர் தனியாகக் குதித்தால் இருவரும் பள்ளத்தில். மகளுக்குப் பதின்மூன்று வயதில் தாய்க்கும் மகளுக்கும் ஏதோ சண்டை. ஒன்பது நாள் பேச்சு இல்லை. பத்தாம் நாள் அக்கா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது கன்ட்ரோலரை மகள் மடியில் வைத்தாள். முதல் பாறையிலேயே மகள் வாய் திறக்க வேண்டியதாயிற்று. “இப்போ” என்ற ஒரு சொல்தான். போதுமானதாக இருந்தது.

“செங்கல் உடைப்பு எடுத்துட்டுப் போ. அவர் பொடியாயிடுவார்” என்றாள் மகள்.

“கயிறு.”

“அதுல யாரும் ஜெயிக்க முடியாதேம்மா.”

“யாரும் தோக்கவும் முடியாதுல்ல?”

“இது ஏமாத்து வேலை.”

“ஆட்டம் தெரிஞ்சவ முதல்ல ஆட்டத்தைத்தான் பொறுக்குவா.”

அடுத்த கூட்டத்துக்கு ஓட்டுநர்கள், நர்ஸுகள், சலவைப் பெண்கள் என்று அறை நிரம்பிவிட்டது. பாய்லர் அண்ணன் கன்ட்ரோலரை வால்வைத் திருகுவதுபோல் பிடித்தார். வந்த வேகத்தில் குதித்தார். இருவரும் பள்ளத்தில்.

“குதிக்காதீங்க அண்ணா. நான் சொன்னதும் குதிங்க.”

“நீங்க எதுக்குச் சொல்லணும்?”

மறுபடி பள்ளம். மறுபடியும். ஏழாவது தடவை அவர் மெதுவாகக் கேட்டார்: “இப்பவா?”

“இருங்க… இப்போ.”

அதற்குப்பின் அந்த மலையில் அவர் தலைவராக இல்லை. பனிப்பாறையில் அக்கா வழுக்கியபோது கயிற்றை அவர்தான் பிடித்து நிறுத்தினார். “விட்றாதீங்க பாய்லர் அண்ணா” என்று பின்னாலிருந்து ஒரு நர்ஸ் சொன்னார். சிகரத்தில் இரண்டு பொம்மைகளும் சேர்ந்து கொடி நட்டன. பாய்லர் அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“வேர்த்திருச்சு அண்ணா” என்றாள் அக்கா.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல யாரு ஜெயிச்சா?”

“நான் தோக்கல. அதனால விலகல.”

“நீங்க ஜெயிக்கவும் இல்லையே.”

சலவைப் பெண்கள் அவர் பக்கத்தில் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்கள். எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார்: “அப்போ குழுவுல ஓட்டுக்கு விடலாம் சார். அஞ்சு பேர் இருக்கோம்.” அவரே முதலில் கையை உயர்த்தினார். அக்கா உயர்த்தினாள். மற்ற இருவர் கூரையைப் பார்த்தார்கள். பாய்லர் அண்ணன் கொஞ்ச நேரம் சாவியை விரலில் சுற்றினார்.

“இன்னொரு மலை இருக்கா?”

“எட்டு இருக்கு.”

“நண்பகல்ல எனக்கும் அரை மணி இடைவேளை உண்டு” என்று சொல்லி அவரும் கையை உயர்த்தினார்.

இப்போது நண்பகலில் அறை திறந்திருக்கிறது. பெண்கள் சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அறிவிப்புப் பலகையில் ‘வீராங்கனை’ என்பதைத் திருத்தட்டுமா என்று எழுத்தர் கேட்டாராம். “எது தப்பு?” என்று கேட்டிருக்கிறாள் அக்கா.

உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். தட்டைக் கையில் பிடித்தபடி, மற்றவர்கள் ஆடுவதைப் பின்னால் நின்று பார்ப்பவள். இன்று அவள் கையிலிருக்கும் தட்டை நீங்கள் வாங்கிக்கொண்டு, கன்ட்ரோலரை அவளிடம் கொடுங்கள். குதிக்க எந்தப் பொத்தான் என்று மட்டும் சொல்லுங்கள். பள்ளத்தில் விழுந்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் “இப்போ” என்று சொல்லும்வரை காத்திருங்கள்.