மொத்தம் பதினாறு ஜிபி வருதில்ல?

இன்று ஆம்பூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என் பொறுமை போய்விட்டது.

என் கம்ப்யூட்டரின் போர்டும் பிராசஸரும் 3200 வேகத்தைத் தாங்கும். அதே வேகத்தில் எட்டு ஜிபி மெமரி, அதாவது ராம், இரண்டு போடச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 2400 என்று காட்டுகிறது. மூடியைக் கழற்றினேன். ஒன்று 3200, இன்னொன்று யாரோ கழற்றிப் போட்ட பழைய 2400. எது மெதுவோ, அந்த வேகத்தில்தான் இரண்டும் ஓடும்.

மெஷினையே கடைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய், கடைக்காரரிடம் இரண்டையும் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வண்டி ஓட்டி வந்த என் தம்பியிடம் சொன்னார்:

"மொத்தம் பதினாறு ஜிபி வருதில்ல பாய், அப்புறம் இன்னா பிரச்சனை? அக்காவுக்கு டவுட்டு ஜாஸ்தி."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மெஷின் அவங்களுது" என்றான் தம்பி.

ஷூ கம்பெனியில் இடது வலது ஜோடி சேர்ப்பது என் வேலை. தோலின் நிறம் ஒரு சாயல் மாறினாலே திருப்பி அனுப்புகிறவள் நான். என்னிடமா?

"மாத்திக் குடுக்காம நான் போமாட்டேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் மாற்றினார். திரையில் 3200 வந்தது.

"உங்களுக்காகப் பண்ணிட்டேன் பாய்" என்றார். அதையும் தம்பியிடம்தான்.

வெளியே வந்தால் வாசலில் கடைக்காரருடைய புதுச் செருப்பு. அதில் ஒன்றை எடுத்துவிட்டு, தம்பியின் தேய்ந்த செருப்பில் ஒன்றை வைத்திருக்கலாம்.

மொத்தம் இரண்டு வருகிறதே, என்ன பிரச்சனை?

வைக்காமல் வந்தது தப்பா, நீங்களே சொல்லுங்கள்.