ஒரு சொட்டும் குறையாத துருத்தி

2024 ஜூன் 8, சனிக்கிழமை, காலை 6.20. முதல் நாள் பின்னேரம் தொடங்கிய சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. வானத்தில் மேகம் இல்லை. முற்றத்து மண் பறந்து விழாமல் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையால் மூடி மூடிக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சவிரிமுத்து படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இதை எழுதித் தரும்படி கேட்டவர்கள், பழைய காலத்து முறையில் காட்டுவழி நடந்து கூடாரமடித்துத் தங்குகிற பிள்ளைகள். நைலோன் பை, பிளாஸ்ரிக் போத்தல் எதையும் அவர்கள் எடுத்துப்போவதில்லை. தோள்பை, இடைவார், தண்ணீர் கொண்டுபோகும் தோல் துருத்தி எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அதற்கு என்னைப் பிடித்திருக்கிறார்கள். நான் தோல் தொழிலாளி அல்ல. முருங்கனில் ஒரு நெல் ஆலையில் முப்பத்து நான்கு வருடம் ஃபிற்றராக இருந்தவன். றப்பர் பெல்ற் வரும்வரை எங்கள் எஞ்சினிலிருந்து மெஷின்களுக்கு ஓடியவை தோல் பெல்ற்றுகள்தான். அறுந்த பெல்ற்றைத் தைத்துப் பூட்டுவது என் வேலை. தோலைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் ஆலையில் கற்றது. தெரியாதது எவ்வளவு என்று இந்தத் துருத்தி காட்டித் தந்தது.

1. நேர்த்தி

சவிரிமுத்து பேசாலையில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவன். வயது ஐம்பத்தாறு. அந்த வருடம் மாசி மாதம் வெள்ளாப்பில் கடலுக்குப் போனபோது, இருட்டில் மண்ணெண்ணெய்க் கான் ஒன்றையும் தண்ணீர்க் கான் ஒன்றையும் வள்ளத்தில் ஏற்றியதாக நினைத்திருக்கிறான். இரண்டும் ஒரே அளவு, ஒரே நீலம். ஏற்றியது இரண்டுமே மண்ணெண்ணெய். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. இரண்டு பகலும் மூன்று இரவும் தண்ணீர் இல்லாமல் கிடந்தவனை வேறொரு வள்ளம் கண்டு இழுத்து வந்தது.

"அண்ணை, எனக்கு ஒரு தோல் துருத்தி தைச்சுத் தரவேணும்" என்றான்.

"என்னத்துக்கு?"

"மடு மாதாவுக்கு நேந்தனான். கரை சேந்தா, ஆவணித் திருவிழாவுக்கு நடந்து வருவன், தோள்ல தண்ணி கொண்டு வருவன், வழியில தாகமெண்டு நிக்கிறவைக்குக் குடுப்பன், வெறும் பாத்திரத்தோடதான் உம்மட வாசல்ல நிப்பன் எண்டு."

"அதுக்குக் கான் ஒண்டு வாங்கினாக் காணுமே."

"கானோ? கானைக் கண்டா எனக்கு வயித்தைப் பிரட்டுது அண்ணை. வீட்டில இருந்த அஞ்சு கானையும் மனுசி எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறா. அந்தக் காலத்து ஆக்கள் துருத்தியிலதானே கொண்டு போனவை. நீங்கள் பெல்ற் தைச்ச ஆள். உங்களால ஏலும்."

உள்ளேயிருந்து என் மனைவி திரேசாவின் குரல் வந்தது. "ஏலாது எண்டு சொல்லுங்கோ. பிறகு வீடெல்லாம் தோல் நாறும்."

நான் ஏலும் என்றேன். திருவிழாவுக்கு முதல் நாள், ஆகஸ்ட் 14, வெஸ்பர் என்கிற மாலை வழிபாட்டுக்கு அவன் மடுக் கோயில் வாசலில் நிற்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், அறுபத்தேழு நாள் இருந்தது.

2. ஆலைக்காரனின் துளை

மன்னாரில் இறைச்சிக்கடையில் வெள்ளாட்டுத் தோல் இரண்டு வாங்கினேன். இறைச்சிக்கடைக்காரர் உப்புத் தடவிச் சுருட்டித் தந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பைக் கழுவிவிட்டுச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒரு கிழமைக்குள் மயிர் கையோடு வரும். பிறகு உட்புறத்துச் சவ்வைச் சுரண்டி, சுண்ணாம்பு போகும்வரை கழுவ வேண்டும். நான் பதினொரு தரம் கழுவினேன், ஏழு தரம் போதும். அதன் பிறகு ஆவாரம்பட்டை அவித்த தண்ணீர். முதலில் மெல்லிய சாயத்தில் போட்டு நாளுக்கு நாள் கடுமையாக்க வேண்டும். எடுத்த உடனே கடும் சாயத்தில் போட்டால் மேல்பக்கம் மட்டும் பதமாகி நடுவில் பச்சைத்தோல் நிற்கும். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை. எனக்கு இருபத்திரண்டு நாள் பிடித்தது.

தோள்வாரை முதுகுத்தோலில்தான் வெட்ட வேண்டும். வயிற்றுத்தோல் இழுபடும். ஆலையில் வயிற்றுத்தோல் பெல்ற் ஒன்று காலையில் பூட்டினால் மத்தியானம் தொங்கும்.

இந்த அளவுக்கு எனக்குத் தெரியும். பிழைத்தது துளையில். பெல்ற் தைக்கிறவன் பஞ்ச் என்ற துளைக்கருவியால் அடித்து வட்டமாகத் தோலை எடுத்துவிடுவான். அதே கையோடு துருத்தியின் ஓரத்திலும் எண்பத்தாறு துளை அடித்தேன். ஆறு லீற்றர் தண்ணீர் விட்டு முருங்கை மரத்தில் தொங்கவிட்டு, கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் பாதிக்கு மேல் நிலத்தில்.

"நல்லது, முருங்கைக்கு ஒவ்வொரு நாளும் இதால ஊத்துங்கோ" என்றாள் திரேசா.

பெல்ற் தண்ணீரைத் தாங்கத் தேவையில்லை, துருத்தி தாங்க வேண்டும். இரண்டாவது தோலைக் குத்தூசியால் தைத்தேன். குத்தூசி தோலை வெட்டி எடுக்காது, நாரை விலக்கி வழி மட்டும் விடும். நனைந்ததும் நார் ஊதி நூலை இறுக்கிப் பிடிக்கும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கத்தாலும் விட்டு இழுத்தேன். மூன்று நாள் தையல். இந்த முறை ஒரு மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு சொட்டு.

பன்னிரண்டு சொட்டும் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. தேன்மெழுகை உருக்கி உள்ளே ஊற்றி ஆட்டினால் நின்றுவிடும். மன்னார் கடையில் மெழுகின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அன்று பின்னேரம் சவிரிமுத்து ஒரு பழைய பால்மாத் தகர ரின்னோடு வந்தான்.

"வள்ளத்துக்குப் பூசிறது அண்ணை. சுறா எண்ணெயில குங்கிலியம் காய்ச்சினது. இருவது வருசமா என்ர வள்ளத்துக்குள்ள ஒரு சொட்டும் வரேல்லை. காசும் இல்லை."

கடைசிச் சொல் எனக்குப் பிடித்தது. சூடாக்கி உள்ளே ஊற்றி எல்லாத் தையலிலும் படும்படி ஆட்டி எடுத்தேன். பத்து நாள் காற்றில் காயவிட்டேன். ஒரு இரவு முழுவதும் தண்ணீரோடு தொங்கவிட்டேன். கீழே வைத்த வெள்ளைக் கடதாசியில் ஒரு புள்ளி ஈரம் இல்லை. நான், திரேசா, சவிரிமுத்து மூன்று பேரும் அந்தத் தண்ணீரில் அரைக் கோப்பை குடித்தோம்.

"நல்ல தண்ணி" என்றான் அவன்.

"கிணத்துத் தண்ணி மாதிரித்தான் இருக்கு" என்றாள் திரேசா.

நானும் குறை காணவில்லை. குறை காண்பதில் நான் ஊருக்குள் பேர் வாங்கியவன்.

3. நாய்

நாய்களுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. துருத்தி தொங்கிய மரத்தடியில் நாலு நாய் காவல் இருந்தன. ஒருநாள் நான் துருத்தியை இறக்கும்போது ஒன்று தோள்வாரைப் பிடித்து இழுத்தது. நானும் விடவில்லை. வாரை விட்டுவிட்டு என் கெண்டைக்காலைப் பிடித்தது. துருத்தி தப்பியது.

ஆஸ்பத்திரியில் மருத்துவத்தாதி கேட்டார், "ஐயா, நாய் சும்மா கடிச்சதோ, நீங்கள் ஏதும் செய்தனீங்களோ?"

"அதின்ர சாப்பாட்டைப் பறிச்சவர்" என்றாள் திரேசா.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் இன்னொன்றும் சொன்னாள். "நாய் ஏன் இதுக்குப் பின்னால திரியுது எண்டு யோசிச்சியளோ?" நான் யோசிக்கவில்லை. தண்ணீர் கசியவில்லை என்பது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது.

4. சந்தியில் அளந்தது

சவிரிமுத்து ஆகஸ்ட் 11ஆம் திகதி பூசை கண்டுவிட்டு வெறுங்காலோடு பேசாலையிலிருந்து புறப்பட்டான். அடுத்த நாள் காலை மன்னாரில் ஒரு கிணற்றில் துருத்தியை நிரப்பிக்கொண்டு, தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தைக் கடந்தான். தையல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் நான் 13ஆம் திகதி குத்தூசி, நூல், கொஞ்சத் தோல் துண்டு, நட்டு இறுக்கும் சாவி இரண்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மடுச் சந்திக்குப் போனேன். அவன் ஒரு தேத்தண்ணீர்க் கடைக்கு எதிரே மர நிழலில் துருத்தியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். தோளில் வார் பட்ட இடம் சிவந்திருந்தது.

நான் முதலில் துருத்தியைத்தான் பார்த்தேன். அளவுக் கோடு போட்ட ஈர்க்கிலை வாய்க்குள் விட்டு எடுத்தேன்.

"பார் சவிரி! ஆறு லீற்றர்! ஒரு சொட்டும் குறையேல்லை!"

"அதுதான் அண்ணை பிரச்சினை" என்றான்.

அப்போதுதான் அவனுடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஒருத்தரும் குடிக்கினமில்லை. முக்கால்வாசி வழியில தண்ணீர்ப் பந்தல். ஐஸ் போட்டுச் சர்பத் குடுக்கிறாங்கள். பந்தல் இல்லாத இடத்தில ஆரும் கேட்டா, மூடியைத் திறந்த உடனே மூக்கைப் பொத்துகினம். ஒரு பிள்ளை சத்தி எடுக்கப் பாத்தது. மீன் நாறுதாம்."

"மீனோ? எங்க?" நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பேசாலையில் பிறந்து எழுபத்தொரு வருடம். எங்கள் வேலியில் காய்வதும் கருவாடு, எதிர் வேலியில் காய்வதும் கருவாடு. நாங்கள் மூன்று பேர் குடித்துப் பார்த்தோம், மூன்று பேரும் பேசாலை.

தேத்தண்ணீர்க் கடைக்காரர் பெருநிலத்து ஆள். அவரிடம் ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் துருத்தியைக் கொண்டுபோய் நீட்டினேன். கை நீட்டுமுன்னரே தலையைத் திருப்பினார். "அண்ணை, இதைக் கடைக்குள்ள கொண்டுவராதேங்கோ. வடையில பிடிச்சிடும்."

"ஊத்திப்போட்டு வெறும் துருத்தியோட போ சவிரி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"மண்ணுக்குக் குடுக்கவோ நேந்தனான்?"

"அப்ப கொண்டா, நான் குடிக்கிறன்."

"நீங்கள் இப்பதானே அந்தாளிட்டத் தேத்தண்ணி குடிச்சனீங்கள். உங்களுக்கு என்ன தாகம்? மாதாவுக்குக் கண் தெரியாதோ?"

துருத்தியின் மூடியை இறுக்கினான். பிறகு, "அந்த மூண்டாம் இரவு என்னட்ட ஆரும் இதைக் கொண்டுவந்து தந்திருந்தா நான் முகர்ந்து பாத்திருக்கமாட்டன்" என்றான்.

நான் பையை எடுத்தேன். இரண்டு பேரும் கோயில் வீதியில் நடந்தோம். வெஸ்பருக்கு ஒரு நாளும் சில மணித்தியாலமும் இருந்தன. வழி பன்னிரண்டு கிலோமீற்றர் சொச்சம்.

5. லாண்ட்மாஸ்ரர்

மத்தியானம் தாண்டி, இரண்டு பக்கமும் காடு. பந்தல்கள் முடிந்துவிட்டன. பெரியமடுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு வீதியோரம் நின்றது. எஞ்சினில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ராசு என்பவர் அதன் சொந்தக்காரர். அவருடைய மனைவி செல்வியும் இரண்டு பிள்ளைகளும் பெட்டியின் நிழலில் குந்தியிருந்தார்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்பது பேச்சில் தெரிந்தது.

"கொதிச்சிருச்சுங்க ஐயா. கொண்டாந்த அஞ்சு போத்தல் தண்ணியையும் இதுக்கே ஊத்திட்டாரு. ஊத்த ஊத்த எங்கயோ போயிருது. புள்ளைங்க காலையில இருந்து நாக்க நனைக்கல" என்றாள் செல்வி.

சவிரிமுத்து என்னைப் பார்த்தான். துருத்தியை இறக்கினான். மூடியைத் திறக்காமல் நின்றான். இரண்டு நாளாகக் கண்ட முகச்சுளிப்பு அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

"கொஞ்சம் மீன் மணக்கும் தங்கச்சி. சுத்தமான தண்ணிதான். கோவிக்கக்கூடாது."

செல்வி இரண்டு கையையும் ஏந்தினாள். அவன் ஊற்றினான். ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. சவிரிமுத்துவின் கை கீழே இறங்கியது.

"என்னாங்க இது, கருவாடு கழுவுன தண்ணியா?" என்றாள். ஏந்திய கையை எடுக்கவில்லை. "ஊத்துங்க, ஊத்துங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

அவள் குடித்தாள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் குடித்தார்கள். ராசு, "சோறு மட்டுந்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். சவிரிமுத்து ஊற்றிக்கொண்டே இருந்தான்.

நான் எஞ்சினுக்குக் கீழே பார்த்தேன். தண்ணீர் வெளியே விடும் ரப் குழாயின் வாஷர் தேய்ந்திருந்தது. பையிலிருந்த தோல் துண்டில் வட்டமாக ஒன்று வெட்டி, எண்ணெய் தடவிப் போட்டு இறுக்கினேன். ஆலையில் அவசரத்துக்கு இப்படி எத்தனையோ போட்டிருக்கிறேன். துருத்தியில் மீதி மூன்றரை லீற்றருக்குக் கிட்ட இருந்தது.

"இஞ்சினுக்குக் குடுத்தாக் கணக்கில வருமோ அண்ணை?" என்று மெல்லக் கேட்டான்.

"அதுவும் தாகமெண்டுதானே நிக்குது."

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து அவனே ஊற்றினான். ராசு கைப்பிடியைச் சுற்றினார். மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. சவிரிமுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, துருத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். ஒன்றும் விழவில்லை. மறுபடியும் உதறினான்.

பெட்டியில் ஏறச் சொன்னார்கள். அவன் நடந்துதான் வருவேன் என்றான். நான் ஏறினேன். நேர்த்தி என்னுடையது அல்ல, நாய் கடித்த கால் என்னுடையது. அவன் அன்று பொழுது சாயும்போது கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தான். வெஸ்பருக்கு ஒரு முழு நாள் மிச்சம்.

பிள்ளைகளே, குத்தூசியும் இரட்டை ஊசியும் பழகினால் கைக்கு வந்துவிடும். செய்த சாமானை ஊருக்கு வெளியே கொண்டுபோய், உங்களைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் மூக்குக்குப் பழகிய குறையை உங்கள் மூக்கு ஒருநாளும் சொல்லாது. இப்போது உள்ளுக்குத் தேன்மெழுகுதான் ஊற்றுகிறேன், விலை கேட்பதில்லை.

தோல் இரண்டு, சுண்ணாம்பு, நூல், பஸ் காசு, தேத்தண்ணீர் எல்லாம் சேர்த்து அந்தத் துருத்தியால் எனக்கு வந்த செலவு ஒன்பதாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகள் இதில் சேரவில்லை. அவை இலவசம்.