வளவு தாண்டாத சத்தம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். கட்டிக் கொடுப்பது அவளுடைய வாப்பா. சாய்ந்தமருதின் தெற்குப் பக்கத்தில் நான் இருக்கும் வீடும் அப்படித்தான். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். பின்னறையில் அடுக்குத் தட்டாக ஒரு றாக்கை செய்யப்போவதாக மனைவியின் வாப்பாவான மாமாவிடம் முன்கூட்டியே சொன்னதற்கும் அதுதான் காரணம்.

"புத்தகத்துக்கா, மருமகன்?"

"இல்ல மாமா. கிற்றார்ட சாமான்களுக்கு."

முற்றத்து மணலைச் செருப்பால் சமப்படுத்தினார்.

"சத்தம்?"

"ஹெட்போன்லதான். எனக்கு மட்டும்தான் கேக்கும்."

"வளவு தாண்டப்படாது. மதிலுக்குள்ளதான். அவ்வளவுதான்."

மாமா எங்கள் பள்ளிவாசலில் மரைக்காயர். தாய்வழியில் வரும் ஒவ்வொரு குடிக்கும் ஒருவர் பள்ளி நிர்வாகத்தில் இருப்பார். தன் குடிக்கு மாமா இருக்கிறார். மரைக்காயரின் மருமகன் கிற்றார் வாசிக்கிறான் என்ற கதை ஊரில் இருந்தது. யாராவது அதை அவரிடம் எடுத்தால் அவர் கோபப்படமாட்டார், நியாயம் பேசவும் மாட்டார். "உங்களுக்குக் கேட்டிச்சா?" என்று மட்டும் கேட்பார். கேட்டதாக யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியின் தயவில்தான் என் கிற்றார் அந்த வீட்டில் இருந்தது.

கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பக்கங்கள் திருத்துவது என் தொழில். பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவில் உள்ள கூட்டாளிகளோடு சேர்ந்து மண்டப விழாக்களில் வாசிப்பது அதற்கு வெளியே. மேடையில் என் கருவிகள் தரையில் கிடக்கும். மணல் ஏறும், வயர் கழலும், யாராவது மிதிப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடுக்கி, திருகாணி போட்டு இறுக்கி, ஒரு மின்வயரோடு தூக்கிக்கொண்டு போனால் பாதிக் கவலை தீரும் என்று நினைத்தேன்.

கவலை தீரவில்லை. இந்தக் கருவிகளின் முகப்பு எந்த நாட்டில் செய்தாலும் பத்தொன்பது அங்குல அகலம். அது சுலபம். ஆனால் திருகாணித் துளைகள் சம இடைவெளியில் வராது. இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி என்று ஒரு ஒழுங்கில் போகும். அது தெரியாமல் முதல் அலுமினியச் சட்டத்தைச் சமமாகத் துளைத்துப் பாழாக்கினேன். இரண்டாவதற்குக் கடதாசியில் அச்சு எடுத்து ஒட்டி, ஒவ்வொரு துளையாகப் போட்டேன். கடற்காற்றுக்குச் சாதாரண ஆணி ஒரு மாரிக்கே துருப்பிடிக்கும் என்பதால் துருவேறாத ஆணி தேடி அலைந்தேன். மின்வயரையும் ஒலிவயரையும் ஒன்றாகக் கட்டினால் இரைச்சல் வரும். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் இழுத்தேன். சூடு போக ஒரு சிறு காற்றாடி வைத்தேன். அதன் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கிறதா என்று மனைவியைக் கதவடியில் நிற்கச் சொன்னேன்.

"காத்தாடிச் சத்தத்துக்கெல்லாம் ஆர் பத்வா குடுக்கப் போறாங்க?" என்றாள்.

எல்லாவற்றுக்கும் மேல்தட்டில் வயர்லெஸ் ரிசீவரைப் பூட்டினேன். கிற்றாரில் செருகும் ட்ரான்ஸ்மிட்டர் தீப்பெட்டியளவு. வயர் இல்லாமலே ஒலி றாக்கைக்குப் போய்விடும்.

பெட்டி ஓரளவு நிமிர்ந்து நின்றபோது மாமா ஒருமுறை வந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். மற்ற எதைப் பற்றியும் கேட்கவில்லை. வயர்லெஸ்ஸை மட்டும் விரலால் காட்டினார்.

"இது வயர் இல்லாமலா?"

"ஓம் மாமா."

"மைக்குக்கும் இப்படி இரிக்கா?"

"இரிக்கு. அதே கம்பெனிதான் செய்யிறாங்க."

அடுத்த வாரம் பள்ளிக்குப் புது மைக் வந்தது. கல்முனைக் கடையில் போய், மருமகன் வாங்கிய வகையில் மைக்காக ஒன்று தாருங்கள் என்று கேட்டு வாங்கியதாக மாமா சொன்னார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. நல்லது என்று நானும் சொன்னேன். அந்த வகையில் அலைவரிசையை மாற்றும் வசதி இல்லை, எல்லாப் பெட்டியும் ஒரே அலைவரிசையில்தான் வரும் என்பது அப்போது என் மனதில் ஓடவே இல்லை.

அது ஓடியது ஒரு பின்னேரம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு றாக்கையின் பின்பக்கம் வயர் கட்டிக்கொண்டிருந்தேன். கிற்றார் கட்டிலில் கிடந்தது. ட்ரான்ஸ்மிட்டர் அணைந்திருந்தது. ஆனால் ரிசீவரில் பச்சை விளக்கு எரிந்தது. காதுக்குள் ஒருவர் மூச்செடுத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். ஒரு கணம் பிந்தி, அதே செருமல் வெளியே பள்ளியின் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது.

மோதினார் அசர் பாங்குக்கு, பின்னேரத் தொழுகை அழைப்புக்கு, தயாராகிறார்.

ஹெட்போனைக் கழற்றி, பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். பாங்கு முடியும்வரை நிலத்தில் இருந்தேன். எங்களுக்கும் பள்ளிக்கும் நடுவில் இரண்டு வளவுகள்தான். அவருடைய மைக் என் பெட்டிக்குள் வருகிறதென்றால், என் கிற்றார் எங்கே போயிருக்கும்?

நேற்று இதே நேரம் வாசித்தேனா? முந்தாநாள்? ட்ரான்ஸ்மிட்டரை மாட்டியபடி அறைக்குள் நடந்து நடந்து ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது ஞாபகம் வந்தது. அப்போது பள்ளியில் ஒலிபெருக்கி அம்ப் போட்டிருந்தார்களா? மோதினாரின் மைக் அணைந்திருந்து அம்ப் மட்டும் வேலை செய்திருந்தால், பள்ளிக்குள் கேட்டிருக்கக்கூடியது நான்தான்.

செய்தியை உறுதிப்படுத்த எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நேரே கேட்கக் கூடாது, கேட்டால் ஆள் உஷாராகிவிடும். பள்ளிக்கு எதிரே உள்ள கடைக்குப் போய்த் தேயிலை வாங்கினேன்.

"பள்ளிக்குப் புது மைக்காம்" என்றேன்.

"ஓம் காக்கா. குரல் நல்ல துப்புரவு." கடைக்காரர் தேயிலையை நிறுத்தார். "இடைக்கிட ஏதோ வருதாம் உள்ளுக்குள்ள. மோதினார் சொன்னார்."

"என்ன வருது?"

"எனக்கென்ன தெரியும். மைக்குக்கும் சளி புடிக்கும் போல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ட்ரான்ஸ்மிட்டரை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு வந்த செய்திகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு தலைப்பையும் ஒழுங்காகப் போட முடியவில்லை. மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"வாப்பாட்ட சொல்லுங்க" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"வாயாலதான்."

சொல்ல வேண்டுமென்று நினைத்தபடியே மறுநாள் முழுவதும் போனது. பின்னேரம் மாமாவே வந்தார்.

"மருமகன், ஒருக்கா பள்ளிக்கு வாங்க. மைக்கில ஏதோ கோளாறு. உங்களுக்குத்தானே அந்தச் சாமான் தெரியும்."

அசர் தொழுகை முடிந்திருந்தது. பள்ளியின் பக்கத்து அறையில் மோதினாரும் இன்னொரு மரைக்காயரும் இருந்தார்கள். இன்னொருவர் மாமாவைவிட மூத்தவர், வாய் நிறைய வெற்றிலை, பேச்சில் எப்போதும் ஒரு குத்து இருக்கும். மேசையில் ரிசீவர் இருந்தது. என் றாக்கையில் இருப்பதேதான்.

"என்ன சத்தம் வருது?" என்று மோதினாரிடம் கேட்டேன்.

"கம்பிச் சத்தம். டிங் டிங் எண்டு. மறுகா நிண்டிரும். நேத்தும் இண்டைக்கும் வரல்ல."

"பாட்டா?"

"பாட்டு மாதிரித்தான். சொல்லு ஒண்டும் இல்ல."

மூத்த மரைக்காயர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "காரைதீவுல கோயில் திருவிழா நடக்குது. தென்காத்துக்கு அவங்கட பாட்டு இஞ்ச மட்டும் கேக்குதுதானே. அதுதான் நம்மட மைக்கிலயும் ஏறுது."

"அப்படி ஏறுமா?" என்றார் மாமா.

"ஏறாம? அவங்களும் புதுசா ஏதோ வாங்கியிருப்பாங்க. எழுதிக் குடுப்பம். கோயில்காரருக்கு ஒண்டு, பொலிசுக்கு ஒரு கொப்பி." என்னைப் பார்த்தார். "நம்மட மருமகன் பேப்பர்காரர். நல்ல வடிவா எழுதுவார்."

மோதினார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

இப்படிப்பட்ட செய்திகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. காலையில் அது சத்தம். பின்னேரம் இடையூறு. அடுத்த பதிப்பில் யாரோ அதற்கு முன்னால் 'திட்டமிட்ட' என்று ஒரு சொல் சேர்த்திருப்பார். அந்தச் சொல்லை வெட்டுவதுதான் என் வேலை. வெட்டியதற்குப் பிறகும் ஊரில் அது கிடக்கும். இங்கே இன்னும் ஒரு வரியும் எழுதப்படவில்லை. என் கூட்டாளிகள் அந்தக் கோயில் வீதியில்தான் இருக்கிறார்கள்.

மாமாவைப் பார்த்தேன். அவர் ரிசீவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதத் தேவல்ல" என்றேன். "அம்ப நிப்பாட்டுங்க, மோதினார். இத மட்டும் போடுங்க."

ரிசீவரின் சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை எரியவில்லை. கைபேசியில் மனைவிக்கு அழைத்தேன்.

"அலுமாரிக்குள்ள கிற்றார்ல செருகிற சின்னக் கறுப்புச் சாமான் இரிக்கி. அதுட பட்டன அமத்து."

"இப்பயா? நீங்க பள்ளியிலதானே?"

"ஓம். அமத்து."

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு மேசையில் பச்சை விளக்கு எரிந்தது.

"அணை."

அணைந்தது.

"மறுகா போடு."

எரிந்தது. மோதினார் விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்ட கிற்றார்" என்றேன். "ரெண்டும் ஒரே அலைவரிசை. காரைதீவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மூத்த மரைக்காயர் எழுந்து வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். மாமாவின் தோளில் கை வைத்தார்.

"அப்ப திருவிழா உங்கட ஊட்டதான் நடக்குது, மரைக்கார்."

மாமா சிரிக்கவில்லை. தாளை எடுத்து மோதினாரின் மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். "நாளைக்கி மைக்கக் கொண்டு போய் வேற அலைவரிசை உள்ள வகையா மாத்திக் கொண்டாறன்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் முன்னால் நடந்தார். நான் பின்னால் வந்தேன். கேற்றடியில் நின்றார்.

"அந்தப் பொட்டியக் காரைதீவுக்குக் கொண்டு போங்க. உங்கட கூட்டாளிட ஊட்ட வைங்க."

அதை அவர் உரத்துச் சொல்லவில்லை. இனி யாரிடமும் 'உங்களுக்குக் கேட்டிச்சா' என்று அவரால் கேட்க முடியாது. கேட்டால், கேட்டது என்று சொல்ல மோதினார் இருக்கிறார். அது எனக்கு விளங்கியது. சரி மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கறுப்புச் சாமான் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"வாப்பா, இந்த ஊட்ட ஆருக்குத் தந்தீங்க?"

"உனக்குத்தான்."

"அப்ப இதுக்குள்ள எது இரிக்கிற எண்டத்த என்னட்டயும் ஒருக்கா கேக்கணும்தானே?"

"பள்ளிக்குள்ள போய் நிக்கிறது நான், புள்ள. நீ இல்ல."

"பள்ளிக்குப் போனது இந்தத் தீப்பெட்டி. இதக் கழட்டினாச் சரி. முழுப் பொட்டியும் ஏன் போகணும்?"

மாமா என்னைப் பார்த்தார். "இதக் கழட்டினாப் போதுமா?"

"போதும் எண்டுதான் நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. போன வாரமும் ஒன்றும் வெளியே போகாது என்றுதான் நினைத்திருந்தேன். "பாத்துத்தான் சொல்ல ஏலும், மாமா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னறைக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறைக்குள் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கைபேசியை எடுத்து மோதினாருக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"மோதினார், உள் அம்ப மட்டும் போடுங்க. மைக்கத் தொடவேணாம். ஏதும் வந்தாச் சொல்லுங்க."

மேல்தட்டின் ஆணிகளைக் கழற்றி ரிசீவரை வெளியே எடுத்தேன். அது இருந்த இடம் ஒரு நீள ஓட்டையாகத் தெரிந்தது. நீட்டு வயரைத் தேடி எடுத்துக் கிற்றாரை நேரே பெட்டியில் செருகினேன். ஹெட்போனை மாட்டாமல் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கைபேசி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

"முதல் சுவிட்சப் போடுங்க" என்றார் மாமா.

போட்டேன். காற்றாடி சுற்றியது.

"ஏதும்?"

"இல்ல, மரைக்கார்" என்றது கைபேசி.

"அடுத்தது."

ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் மோதினார் கொஞ்ச நேரம் காதுகொடுத்துவிட்டு இல்லையென்றார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பெரிதாக இருந்தது. மனைவி கதவோரம் சாய்ந்து நின்றாள்.

"இப்ப அடிங்க" என்றார் மாமா.

அவர் முன்னால் நான் வாசித்ததே கிடையாது. அடித்தேன். ஹெட்போன் கழுத்தில் கிடந்ததால் அறையில் வெறும் கம்பிகளின் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. காதருகே இலையான் இரைவது போல இருந்தது.

"அடிக்கிறாரா?" என்று கேட்டார் மோதினார்.

"ஓம்."

"இஞ்ச ஒண்டும் இல்ல."

"கரகரப்பு?"

"அதுவும் இல்ல. என்ன அடிக்கிறார்?"

மாமா என் கைகளைக் கவனித்தார். "எனக்கு என்ன தெரியும்" என்றார். "ஃபோன வெச்சிராதீங்க. கீழ இன்னம் ரெண்டு பட்டன் கிடக்கு."

கீழே இருந்தது எதிரொலி கொடுக்கும் கருவி. பழையது, கொழும்பில் ஒருவர் பாவித்தது. தானாக எங்காவது எதையாவது அனுப்பும் வசதி அதற்குள் இருக்கிறதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. போட்டேன். மறுபடி அடித்தேன். கைபேசியில் மோதினார் மூச்சுவிடுவது கேட்டது. வேறெதுவும் இல்லை.

"இல்ல" என்றார் கடைசியில்.

மாமா கைபேசியை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். எழுந்து, ஓட்டை விழுந்த மேல்தட்டைக் குனிந்து பார்த்தார்.

"இது பின்னேரக் கணக்கு. மஃரிபுக்கு முந்தி ஒருக்காவும் இஷாவுக்கு முந்தி ஒருக்காவும் பாப்பம். அதுக்குப் பிறகு சொல்றன்."

"சரி மாமா."

"தேத்தண்ணி வெக்கிறன்" என்று சொல்லிவிட்டு மனைவி குசினிக்குப் போனாள். மாமா தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கதிரையைக் கொஞ்சம் சுவரோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். நான் கிற்றாரை மடியில் வைத்தபடி பொழுது சாய்ந்து மஃரிபு நெருங்குவதற்குக் காத்திருந்தேன்.