இன்ஜின் அறையில் இருந்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் எனக்கு நா எழாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். பிழையிருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது திருச்சுழிக்குப் பக்கத்தில், அப்பாவின் பருத்திக்காட்டு வீட்டில். மழை இல்லாத வருடங்களில் கிணறு வற்றி, ஆயில் இன்ஜின் சும்மா கிடக்கும். அதைக் கழற்றி மாட்டியே அண்ணன் வேலை கற்றார். அறுபதுகளின் நடுவில் மதுரைக்குப் போய், ஆள் எடுப்பில் நின்று கடற்படையில் சேர்ந்தார். அதுவரை கடலைப் பார்த்ததே கிடையாது. அவர் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எழுபத்தொன்றில் காரியாபட்டியில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்தோம். டிசம்பரில் போர் வந்தது. நம் கப்பல் ஒன்று மூழ்கியதாக ரேடியோவில் சொன்னார்கள். அண்ணன் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. பெண்ணின் அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: "கடல்ல கெடக்குறவருக்குப் பிள்ளயக் குடுத்துட்டு, காலம்பூரா ரேடியோப் பெட்டி முன்னால உக்கார என்னால ஏலாது."

போர் முடிந்ததும் அண்ணன் கடிதம் வந்தது. தங்கள் படகிலிருந்து போன ஏவுகணை எதிரியின் போர்க்கப்பலைத் தாக்கியது, அது மூழ்கிவிட்டது, நான் நலம் என்று எழுதியிருந்தார். வீட்டுக் கடிதங்களை எழுதுவது நான். சம்பந்தம் முறிந்தே போய்விடுமோ என்ற பயத்தில், காரியாபட்டிக்கு எழுதும்போது 'அண்ணன் தன் கையால் ஏவிய ஏவுகணை' என்று எழுதிவிட்டேன். பெண்ணின் அப்பா உடனே சம்மதித்தார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'எதிரிக் கப்பலை மூழ்கடித்த வீரர்' என்று அச்சடித்தும் விட்டார்.

லீவில் வந்த அண்ணன் பத்திரிகையைப் பார்த்தார். "இது யாரு ஆத்தா? எனக்குத் தெரியாத ஆளா இருக்காரே" என்று தங்கையான என்னிடம் கேட்டார். நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "அழுதது போதும். பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றார்.

காரியாபட்டியில் தடபுடலான வரவேற்பு. "சந்தை பூரா சொல்லிட்டேன் மாப்ள, எம் மருமகன்தான் பொத்தானை அமுக்குனவருன்னு!" என்றார் பெண்ணின் அப்பா.

"பொத்தானு மேல இருக்கு மாமா. நான் கீழ இன்ஜின் ரூம்ல."

"அங்க என்ன வேல?"

"இன்ஜின் நிக்காமப் பாத்துக்கிறது."

"அம்புட்டுதானா? நம்ம கெணத்து மோட்டார் ரூம் மாதிரி?"

"அம்புட்டுதான் மாமா. ராக்கெட்டு போகயில படகு உலுக்குச்சு. அடிச்சாச்சுன்னு மைக்குல சொன்னாக. நானும் சேந்துதான் கத்துனேன். அந்தக் கப்பல்லயும் கீழ என்னய மாதிரி ஆளுக நின்னுருப்பாகன்னு அப்புறந்தான் நெனப்பு வந்துச்சு. செஞ்ச வேலைக்கு நான் வெக்கப்படல. செய்யாத வேலைக்குப் பேரு வேணாம். இன்னும் பல வருசம் கடல்லதான் இருப்பேன். அதையும் யோசிச்சுக்கங்க."

பெண்ணின் அப்பா முகம் இறுகிவிட்டது. "கடுதாசில அப்படித்தான எழுதியிருந்துச்சு?" என்று என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் வெளங்காம எழுதிட்டேன் மாமா. வீட்டுல அப்படிப் புரிஞ்சுக்கிட்டாக" என்றார் அண்ணன்.

அடுப்படியிலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "இன்ஜினு நின்னுருந்தா அந்தப் பொத்தானை அமுக்குனவரு எப்படி ஊரு திரும்பிருப்பாரு? கேளுங்கப்பா."

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். "இப்பவே அந்தப் பக்கம் சேந்துட்டியா!" என்றார். 'கடற்படை இன்ஜின் மெக்கானிக்' என்று வேறு பத்திரிகை அடித்தார்கள். அந்தக் குரலுக்கு உரியவர்தான் எங்கள் மதினி.

அண்ணன் முழுக் காலமும் பணி செய்து திரும்பினார். நோயில் கிடந்த கடைசி மாதங்களில் கவனித்த மருத்துவருக்கும், முறை வைத்துத் துணை இருந்த பிள்ளைகளுக்கும், தூரத்திலிருந்து வந்து நின்ற கடற்படை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மதினிக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வாய் வரவில்லை. அண்ணன் எழுதிய கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை, மதினி. மாற்றி எழுதியது நான்.