வரிசையில் நின்ற குடம்

மும்பை தேவ்நாரில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டில் குழாய் அடுக்களைக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் பரணில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் அடையாளத்துக்கு வைத்த பொட்டு இன்னும் அழியவில்லை. தாராவியிலிருந்து வீடு மாறியபோது பழைய சாமான்களில் பாதியைக் கழித்துவிட்டோம். இந்தக் குடத்தை மட்டும் மதினி விடவில்லை. "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. உன் சோத்தையா திங்குது?" என்றாள். மதினி என் அண்ணன் மனைவி. அம்மா போன பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். அந்தக் குடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தீம் பார்க்கும், அங்கே அவள் சிரித்த சிரிப்பும் ஞாபகத்துக்கு வரும்.

தாராவியில் எங்கள் சந்துக்கு விடியற்காலையில் தண்ணீர் வரும். சந்துக்கே ஒரு குழாய். ஆட்கள் வருவதற்கு முன்பே குடங்கள் வந்து வரிசையில் நின்றுவிடும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி, அது எங்கள் சந்தின் சட்டம். வரிசை நகரும்போது ஆளில்லாத குடத்தைப் பின்னால் நிற்பவள் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிடுவாள். மதினியின் குடத்தை அநேகமாக மூணாம் வீட்டு அத்தைதான் தள்ளுவாள். நிறைந்ததும் தூக்கி வந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டும் போவாள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மதினிக்குக் காலையில் உடம்புக்கு முடியாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு முடக்குவாதம் என்று பெயர் சொன்னார்கள். பெயரைக் கேட்டு நாங்கள் பயந்ததுபோல் அவள் ஒன்றும் படுக்கையில் விழுந்துவிடவில்லை. விரல் கோணவில்லை, நடை மாறவில்லை. காலையில் எழுந்ததும் விரல்களும் முட்டிகளும் பூட்டிக்கொள்ளும். பல் தேய்க்கும் பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க வராது. வெயில் ஏற ஏற அந்தப் பூட்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். வலி போகாது, ஆனால் வலியோடு வேலை செய்ய முடியும். மத்தியானம் அவளைப் பார்க்கிற எவரும் அவளுக்கு ஒரு நோய் இருக்கிறதென்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். செம்பூரில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்த முதல் வருஷம், குடும்பத்தோடு தீம் பார்க் போய்வர ஆபீசில் பாஸ் கொடுத்தார்கள். அண்ணனுக்கு, அவன் வேலை பார்க்கும் தோல்பை தைக்கும் பட்டறைக்கு லீவு போட மனசில்லை. மதினிதான் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். ஊஞ்சல் கப்பலும் ராட்டினமும் போனில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துச் சூடு காட்டிக்கொண்டே வந்தாள். எங்களுக்குத் தெரியக்கூடாது என்று பாட்டு வேறு பாடினாள்.

அங்கே எல்லாவற்றுக்கும் வரிசை. முதல் ராட்டினத்துக்கு நின்ற கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு முட்டி தாங்கவில்லை. அண்ணனும் நானும் தின்பதற்கு ஏதாவது வாங்கலாம் என்று போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், வரிசையில் எங்கள் தண்ணீர் பாட்டில் மட்டும் தனியாக நிற்கிறது. மதினி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். காவலாளி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, "யே கிஸ்கா ஹை?", இது யாருடையது என்று சத்தம் போட்டான்.

"ஹமாரா நம்பர் ஹை, பையா" என்று, அது எங்கள் முறை என மதினி அங்கிருந்தே கை காட்டினாள்.

இங்கே பாட்டில் நிற்கக்கூடாது, மனுசர்தான் நிற்க வேண்டும் என்று அவன் இந்தியில் சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். "நம்ம சந்துக் குழாயடின்னு நெனச்சுட்டேன் தம்பி" என்றாள். அண்ணன், "நல்லவேளை, குடத்தத் தூக்கிட்டு வரல" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே அலுவலக ஜன்னலுக்குப் போனேன். என் போனில் ஆஸ்பத்திரிச் சீட்டின் படம் இருந்தது. ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னேன். வரிசையில் நிற்காமல் பக்கவாட்டு வாசல் வழியாகப் போக அவளுக்குக் கையில் ஒரு பச்சைப் பட்டை கட்டிவிட்டார்கள். துணைக்கு நாங்களும் போகலாம். நான் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று அப்போது தோன்றியது.

பக்கவாட்டு வாசலில் நாங்கள் நுழைந்தபோது வரிசையே திரும்பிப் பார்த்தது. ஒரு பெண்மணி, "இவளுக்கு என்ன கேடு, நல்லாத்தானே இருக்கா" என்று இந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். மதினி ஒரு நொடி நின்றாள். அப்புறம் வலது காலை இழுத்து இழுத்து நொண்ட ஆரம்பித்தாள்.

"என்னட்டி, காலுக்கு என்னாச்சு?" என்று அண்ணன் பதறினான்.

"ஒண்ணுமில்ல, சும்மா வாங்க. நொண்டலைன்னா இவிய அடிக்க வந்துருவாவ."

அடுத்த ராட்டினத்தில் இடது காலை நொண்டினாள். "ஏ, போன தடவ வலது காலுல்லா நொண்டுச்சு. ஒரு காலா முடிவு பண்ணிக்கோ" என்று அண்ணன் காதில் ஓதினான். மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நுழையும்போது வரிசையில் நின்றவர்களைப் பார்த்து "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டேதான் போனாள். பிறத்தியார் முறையை எடுப்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். நிஜமான வலி அவள் விரல்களிலும் முட்டிகளிலும் இருந்தது. அதைக் கண்ணுக்குக் காட்ட வழியில்லை. அதனால் காட்டக்கூடிய ஒரு வலியை அவள் புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. இது அன்று எனக்கு உறைக்கவில்லை. வேடிக்கையாக மட்டும் இருந்தது.

மாலையில் ஒரு படகில் ஏறினாள். மேலே மெதுவாக ஏறி, அங்கிருந்து சறுக்கித் தண்ணீரில் வந்து விழும் படகு. நான் கீழே நின்று போனில் படம் பிடித்தேன். விழும் நேரத்தில் மதினி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, பத்து விரலையும் விரித்து, ஊரே கேட்கும்படி கூவினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பும் வழியிலேயே, 'எங்க மதினி' என்று எழுதி அந்த வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். சந்தில் பாதிப் பேர் பஸ் வீடு வந்து சேர்வதற்குள் பார்த்திருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்தும் வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி மதினி வைத்த இடத்திலேயே நீலக் குடம் நின்றுகொண்டிருந்தது. வரிசை அதைச் சுற்றி வளைந்து முன்னால் போய்விட்டது. யாரும் சண்டை போடவில்லை, கோபமாகவும் பேசவில்லை. மூணாம் வீட்டு அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "நேத்து கையத் தூக்கிட்டு அந்த ஆட்டம் ஆடுனா. இன்னைக்கு ஒரு குடத்தத் தூக்க முடியலையாக்கும்?"

அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கும் இடுப்பு வலி உண்டு. அவள் குடத்தை ஒருநாளும் யாரும் தள்ளிவிட்டதில்லை. மதினி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். போய்க் குடத்தின் பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு அவள் நொண்டவில்லை.

ஸ்டேட்டஸை உடனே அழித்தேன். மறுநாள் நானே குடத்தோடு போய் நின்றேன். என் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. "ஆபீஸ் போற பிள்ளைட்டி, லேட்டாயிரும், மொதல்ல விடுங்க" என்று அதே அத்தைதான் எல்லாரையும் விலக்கினாள். "வாங்க மருமவனே, முன்னால வாங்க." வலியே அறியாத என் கால்களுக்கு, யாரும் ஒரு சீட்டும் கேட்காமல், வரிசையின் தலையில் இடம் கிடைத்தது. நான் போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அன்றுதான் எனக்குள் எழுந்தது. அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தோம். அத்தனை வருஷமாக அத்தையின் கால் தள்ளிய குடத்தை எங்கள் இருவரில் ஒருவன் ஏன் தூக்கவில்லை? அண்ணன் ராத்திரி வரை உழைத்துவிட்டு வந்தவன், நான் படிக்கிற பிள்ளை. சந்தில் யாரும் எங்களைக் கேட்கவில்லை. மதினியும் கேட்கவில்லை. வீடியோவை வைத்ததற்காக நான் பட்ட வருத்தம், இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் சின்னதாகிப்போனது.

அதற்கப்புறம் மதினி என்னைப் போகவிடவில்லை. "உன்னய முன்னால விடுறாவன்னா எவளோ ஒருத்தி பின்னால நிக்கால்லா" என்று சொல்லிவிட்டாள். தேவ்நாருக்கு வரும்வரை அவளேதான் நின்றாள். தண்ணீர் வருவதற்கு முன்பே எழுந்து, வெந்நீரில் கைகளை முக்கி விரல்களை விரித்துக்கொண்டு போவாள்.

போனில் இருந்த வீடியோவை நான் அழிக்கவில்லை. எப்போதாவது அவளே கேட்டு வாங்கிப் பார்ப்பாள். போன மாதம் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் படகுல ஏறும்போது முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது, தெரியுமா? எங்க, நீ பாத்துச் சொல்லு, எங்கயாவது தெரியுதா?" என்றாள். மறுபடியும் ஓடவிட்டாள். தன் முகத்தையே உற்று உற்றுத் தேடினாள். "எனக்கே தெரியல. பொறவு அவியளுக்கு எப்படித் தெரியும்?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

நேற்று எங்கள் கட்டடத்தில் மோட்டார் பழுதாகி, கீழே தண்ணீர் லாரி வந்தது. பரணிலிருந்து நீலக் குடத்தை இறக்கி எடுத்துக்கொண்டு போனேன். கழுத்தில் அட்டை இருந்தது. ஓர் அம்மா மராத்தியில், ஆபீசுக்கு நேரமாகும், நீ முன்னால் போப்பா என்றார். வேண்டாம் என்று கடைசியில் போய் நின்றேன். இதனால் எதுவும் நேராகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் ஆளில்லாமல் ஒரு பச்சை வாளி இருந்தது. வரிசை நகர்ந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. காலால் மெல்ல முன்னே தள்ளிவிட்டு, அதன் பின்னால் என் குடத்தை வைத்தேன்.